நாமா, நாங்களா

ஒரே ஒரு வார்த்தையில் மூன்று வாரமாக நின்றுபோயிருக்கிறேன். ஆங்கிலத்தில் 'வீ' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற வார்த்தைதான். தமிழில் எழுதப் போனால் உடனே ஒரு கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது: எதிரில் இருப்பவர் உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் நாம். வெளியே என்றால் நாங்கள். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து "நாம் சாப்பிடலாமா" என்பதற்கும் "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்பதற்கும் உள்ள தூரம் நம் பிள்ளைகளுக்கு நாலு வயதிலேயே தெரியும். இரண்டாவதைக் கேட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக ஒரு பழைய வழக்கு விசாரணையைத் தமிழில் கொண்டுவர உட்கார்ந்தேன். 1637 நவம்பர், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் நியூடவுன் என்ற ஊர், இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இருக்கிற கேம்பிரிட்ஜ். நாற்பது ஆண்கள் ஒரு பக்கம். எதிரே ஒற்றை ஆளாக நிற்பவர் ஆன் ஹட்சின்ஸன், 46 வயது, பிரசவம் பார்க்கிறவர், 15 பிள்ளைகளைப் பெற்றவர். விசாரிக்கிறவர் கவர்னர் ஜான் வின்த்ரப். இரண்டு நாள் பேச்சு, அப்படியே கேள்வியும் பதிலுமாகப் பதிவாகியிருக்கிறது. படித்த அன்றே இதைத் தமிழில் செய்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. மரியாதை விஷயத்தைச் சுலபமாகவே முடித்தேன். மூலத்தில் இருவரும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள், அதனால் இருவருக்கும் 'நீங்கள்' போட்டேன். ஆன் மட்டும் நடுநடுவே 'ஐயா' என்கிறார். நின்றுபோனது அந்த 'வீ'யில்.

ஏன் என்று சொல்ல ஏழு வருடம் பின்னால் போகவேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் சடங்குகளுக்குக் கட்டுப்பட மறுத்தவர்கள், பியூரிட்டன்கள், 1630-ல் கப்பலேறினார்கள். அந்தக் கூட்டத்துக்காக வின்த்ரப் ஒரு பிரசங்கம் எழுதினார். நாம் மலைமேல் இருக்கும் பட்டணம் போல இருப்போம், எல்லார் கண்ணும் நம்மேல் இருக்கிறது என்கிற வரி அதில்தான் வருகிறது, பிற்காலத்து அமெரிக்க ஜனாதிபதிகள் மேடைக்கு மேடை சொல்லிய வரி. எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குக் கொஞ்சம் முன்னால் வருவது. ஒருவரில் ஒருவர் மகிழ வேண்டும், பிறர் நிலையை நம் நிலையாக எடுத்துக்கொள்ள வேண்டும், சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும், சேர்ந்து துக்கப்பட வேண்டும், சேர்ந்து பாடுபட வேண்டும் என்கிறார். எவ்வளவு நல்ல மனசோடு எழுதியிருக்கிறார்! அங்கே வருகிற ஒவ்வொரு 'வீ'யையும் யோசிக்காமல் 'நாம்' என்று எழுதலாம்.

ஆன் ஹட்சின்ஸன் 1634-ல் பாஸ்டன் வந்தார். வின்த்ரப் வீட்டுக்கு எதிர் வீடு. வாரத்தில் ஒரு நாள் பெண்களைக் கூட்டிவைத்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்புறம் கூட்டம் பெருகி ஆண்களும் வந்தார்கள். போதகர்கள் பலபேர் நற்செயல்களைத்தான் போதிக்கிறார்கள், கிருபையைப் போதிக்கவில்லை என்று அவர் சொன்னதாகப் பேச்சு பரவியது. இன்று நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒருவர் கடவுளுக்கு உகந்தவரா என்பதை அவர் நடத்தையைப் பார்த்து ஊர் தீர்மானித்து, அப்படித் தீர்மானமான ஆண்களுக்கு மட்டுமே ஓட்டுரிமை தந்த இடம் அது. நடத்தையைப் பார்த்து யாரும் எதையும் சொல்லிவிட முடியாது என்று ஒரு பெண் சொன்னால், ஓட்டுப் பட்டியலிலேயே கை வைக்கிறாள் என்று அர்த்தம்.

விசாரணையில் வின்த்ரப் அந்தக் கூட்டங்களைப் பற்றியும் கேட்கிறார். எந்த அதிகாரத்தில் நடத்தினீர்கள்? மூத்த பெண்கள் இளைய பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பைபிளில் தீத்துவுக்கு எழுதின நிருபத்தில் இருக்கிறதே, ஐயா. அதற்கு முன்பே வின்த்ரப் வேறு வழியில் வந்து பார்த்திருந்தார். தாயையும் தகப்பனையும் கனம்பண்ணு என்பது கட்டளை, இந்தக் குடியேற்றத்தின் தகப்பன்மார் நாங்கள், எங்களுக்கு அவமரியாதை செய்பவர்களோடு நீங்கள் சேர்ந்துகொண்டீர்கள் என்கிறார். ஆன் கேட்கிறார்: நான் கர்த்தருக்கும் பயப்படுகிறேன், என்னைப் பெற்றவர்களுக்கும் பயப்படுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, கர்த்தருக்குப் பயப்படுகிற இன்னொருவரை நான் வீட்டுக்குள் சேர்க்கக்கூடாதா, பெற்றவர்கள் அனுமதி தரவில்லை என்பதற்காக?

வின்த்ரப் இதற்குச் சில பதில்கள் சொல்லிப் பார்த்தார். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "உங்கள் பாலினத்தாரோடு நாங்கள் தர்க்கம் செய்ய விரும்பவில்லை."

இந்த இடத்தில்தான் நின்றேன். அதே வாய், அதே 'வீ', ஏழே வருடம். பிரசங்கத்தில் 'நாம்', இங்கே 'நாங்கள்'. ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு அந்த வார்த்தை மாறவே இல்லை, கதவு மூடிய சத்தம் கேட்பதில்லை. தமிழில் எழுதுகிறவர் அந்தக் கதவைத் தன் கையாலேயே சாத்த வேண்டியிருக்கிறது. மொழிபெயர்க்கிறவர் செய்கிற வேலைதான், ஆனாலும் எழுதிவிட்டு அன்று அதற்குமேல் போக மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் ஆன் ஹட்சின்ஸன் போதகர்களைச் சத்தியப்பிரமாணம் செய்து சாட்சி சொல்லச் சொன்னார். சபை தடுமாறியது. அதோடு நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. நிறுத்தவில்லை. தனக்கு இதெல்லாம் கடவுளே காட்டித்தந்தது என்றார். அது கடவுளின் ஆவிதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்க, கொலை செய்யாதே என்ற கட்டளைக்கு விரோதமாக மகனைப் பலியிடச் சொன்னது கடவுள்தான் என்று ஆபிரகாமுக்கு எப்படித் தெரிந்தது என்று திருப்பிக் கேட்டார். நேரடிக் குரலால் என்றார் துணைக் கவர்னர். எனக்கும் அப்படியே, நேரடியாக வெளிப்பட்டது என்றார் இவர். போதும், இனி அவர்களுக்குப் போதகர்களின் சாட்சி தேவையே இல்லை.

காடிங்டன் என்ற ஒருவர் மட்டும் எழுந்து, இவர் கடவுளின் சட்டத்தையும் மீறவில்லை, நாட்டின் சட்டத்தையும் மீறவில்லை என்று சொல்லிப் பார்த்தார். கை தூக்கச் சொன்னபோது எதிர்த்து இரண்டு கை. ஜெனிஸன் என்பவர் இந்தப் பக்கமும் தூக்கமாட்டேன் அந்தப் பக்கமும் தூக்கமாட்டேன் என்றார். தீர்ப்பு: எங்கள் சமூகத்துக்குத் தகாத பெண் என்பதால் நாடுகடத்தல். பனிக்காலம் முழுக்கக் காவலில் வைத்து, மார்ச்சில் திருச்சபையும் விலக்கி, ரோட் ஐலண்டுக்கு அனுப்பினார்கள். 1643-ல் டச்சுக்காரர்கள் பகுதியில், இன்றைய நியூயார்க்கின் பிராங்ஸ் பக்கம், பூர்வகுடிகளின் தாக்குதலில் பிள்ளைகளோடு செத்துப்போனார். இதையும் கடவுளின் தீர்ப்பு என்று எழுதிவைத்தார்கள் பாஸ்டனில்.

கட்டுப்பட மறுத்துக் கடல் தாண்டியவர்கள், தங்களுக்குக் கட்டுப்பட மறுத்தவர்களைத் துரத்த ஆரம்பிக்க ஐந்து வருடம்தான் ஆனது. 1635-ல் ராஜர் வில்லியம்ஸ், அடுத்து இவர். 1660-ல் குவேக்கர் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த மேரி டையரைப் பாஸ்டனில் தூக்கிலேயே போட்டார்கள். ஆன் ஹட்சின்ஸனைச் சபை விலக்கிய அன்று அவர் பக்கத்தில் நடந்து வெளியேறிய பெண் அந்த மேரி டையர்.

சரி, இந்த விசாரணைப் பேச்சு நம் கைக்கு எப்படி வந்தது? இதுதான் என்னைத் தூங்கவிடாத கதை.

ஆன் ஹட்சின்ஸனின் எள்ளுப்பேரன் பெயர் தாமஸ் ஹட்சின்ஸன். மகன் எட்வர்ட், பேரன் எலிஷா, கொள்ளுப்பேரன் ஒரு தாமஸ், எள்ளுப்பேரன் இந்தத் தாமஸ். எந்தக் குடியேற்றம் அவரைத் துரத்தியதோ அதே மாசசூசெட்ஸின் தலைமை நீதிபதியாகவும் கடைசியில் கவர்னராகவும் ஆனவர். பழைய காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர், மாசசூசெட்ஸ் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். 1765-ல் குடியேற்றங்கள் மேல் பிரிட்டன் போட்ட முத்திரைத்தாள் வரிச் சட்டம் வந்தது. தனிப்பட்ட முறையில் அவருக்கு அந்த வரி பிடிக்கவில்லை, ஆனால் சட்டம் என்றால் சட்டம் என்பவர், அரசின் ஆள் என்று பாஸ்டன் முடிவு கட்டிவிட்டது. ஆகஸ்ட் 26 இரவு அவர் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூட்டம் வந்தது. நீங்கள் வராமல் நான் நகரமாட்டேன் என்று மகள் அடம்பிடித்ததால்தான் அவரும் பக்கத்து வீட்டுக்குத் தப்பினார். விடிவதற்குள் வீடு வெறும் கூடாகியிருந்தது. எழுதிக்கொண்டிருந்த வரலாற்றின் இரண்டாம் பாகக் கையெழுத்துப் பிரதி தெருச் சேற்றில் கிடந்தது. ஆண்ட்ரூ எலியட் என்ற போதகர் தாள் தாளாகப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார். அந்தத் தாள்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன, சேற்றுக் கறையோடு.

அந்த இரண்டாம் பாகம் 1767-ல் அச்சானது. அதன் பின்னிணைப்பில்தான் எள்ளுப்பாட்டியின் விசாரணை முதன்முதலாக முழுசாக வெளியுலகத்துக்கு வந்தது. 130 வருடம் கழித்து. நான் தமிழில் எழுதிக்கொண்டிருப்பது அதைத்தான்.

பாட்டியை நாடுகடத்தியது அரசு. பேரன் அரசாக இருந்தார், அவரை ஊர் நாடுகடத்தியது. 1774-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் திரும்பவே இல்லை. பழைய இங்கிலாந்தின் பெரிய மாளிகையில் சாவதைவிடப் புதிய இங்கிலாந்தின் சின்னப் பண்ணை வீட்டில் சாவதே எனக்குப் பிடிக்கும் என்று அங்கிருந்து எழுதினார். 1780-ல் அங்கேதான் செத்தார். புரட்சி வரலாறுகளில் அவர் வில்லன். எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பாஸ்டனின் 'சுதந்திரப் பிள்ளைகள்' கூட்டத்தாரும் 'நாங்கள்' என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அந்தச் சேற்றுத் தாள்கள் சாட்சி.

ஆனால் அவரைப் பாவம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகரவும் முடியாது. காரணம், பிலிஸ் வீட்லி. ஏழெட்டு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு, 1761-ல் பாஸ்டனில் விற்கப்பட்ட பெண். ஏறி வந்த கப்பலின் பெயர் பிலிஸ், வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி, அதையே அவளுக்குப் பெயராக்கிவிட்டார்கள். பதின்வயதிலேயே கவிதை எழுதினாள். இவ்வளவு நல்ல கவிதையை ஓர் அடிமைப்பெண் எழுதியிருப்பாள் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் ஒரு சான்றிதழ் தயாரானது. பாஸ்டனின் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து கவர்னர் தாமஸ் ஹட்சின்ஸன். பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக்கும் அதில் இருக்கிறார். எதிரெதிர் முகாம்கள், ஒரே தாள். அதன் முதல் சொல் எது என்கிறீர்கள்? 'வீ'. "கீழே கையொப்பமிட்டிருக்கும் நாங்கள் உலகத்துக்கு உறுதி கூறுவதாவது…" இந்தக் கவிதைகளை எழுதியது பிலிஸ்தான், சில வருடங்களுக்கு முன் நாகரிகமற்றவளாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இளம் நீக்ரோப் பெண்தான். இங்கே சந்தேகமே வேண்டாம், நாங்கள்தான். அப்படியும் பாஸ்டனில் பதிப்பாளர் கிடைக்கவில்லை, புத்தகம் 1773-ல் லண்டனில் வந்தது.

அடுத்த வருடம் அவள் ஒரு கடிதம் எழுதுகிறாள், மோஹிகன் பழங்குடியைச் சேர்ந்த போதகர் சாம்சன் ஆக்கம் என்பவருக்கு. ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுள் ஒரு தன்மையை நட்டிருக்கிறார், சுதந்திரத்தின் மீதான அன்பு என்று 'வீ' அதைச் சொல்கிறோம், அது ஒடுக்குமுறையைப் பொறுக்காது, விடுதலைக்கு ஏங்கும். கறுப்பினப் பெண் ஒருத்தி பூர்வகுடி மனிதர் ஒருவருக்கு எழுதுகிறாள். பத்திரிகைகளில் அச்சானபோது வெள்ளைக்காரர்களும் படித்தார்கள். இந்த 'வீ' யாரை உள்ளே விடுகிறது? எனக்குக் கை நடுங்கவில்லை. 'நாம்' என்று எழுதினேன். அந்த நூற்றாண்டில் யாருடைய எழுத்திலும் இவ்வளவு அகலமான 'நாம்' எனக்குக் கிடைக்கவில்லை. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன், இவள் கவிதைகள் விமர்சனம் செய்யும் தகுதிக்கே கீழே என்று எழுதினார். அவள் 1784-ல் வறுமையில் செத்தாள்.

கல்லூரியில் அமெரிக்க இலக்கியத் தாள் படித்தபோது இதெல்லாம் எங்கள் பாடத்தில் இல்லை. எங்களுக்கு அமெரிக்க இலக்கியம் எமர்சனில்தான் ஆரம்பித்தது. பேராசிரியர் கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டார்: மனிதனாக இருக்க விரும்புகிறவன் கட்டுப்படாதவனாக இருக்க வேண்டும். 1841-ல் வந்த கட்டுரை. அந்த வரி அன்று என்னைப் பிடித்து உலுக்கியது உண்மை. பத்தொன்பது வயதில் சின்ன ஊரிலிருந்து வந்து விடுதியில் இருக்கிறவளுக்கு, ஊர் என்ன சொல்லும் என்றே வளர்ந்தவளுக்கு, இதைவிடப் பெரிய விடுதலைச் சீட்டு என்ன வேண்டும்? நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டேன்.

இப்போது திரும்பப் படிக்கும்போது வேறு சில கண்ணில் படுகின்றன. எமர்சன் பயன்படுத்திய 'கட்டுப்படாதவன்' என்ற அந்தச் சொல் பழைய திருச்சபைச் சண்டையின் சொல். அவருடைய மூதாதை பீட்டர் பல்க்லி காங்கார்ட் ஊரை உண்டாக்கிய போதகர், 1637-ல் ஹட்சின்ஸன் தரப்புக் கருத்துகளைக் கண்டித்த போதகர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய இருவரில் ஒருவர். அந்த வழியில் வந்த எமர்சன் 1832-ல் திருவிருந்துச் சடங்கை நடத்த மனசாட்சி இடம்தரவில்லை என்று போதகர் வேலையை விட்டார். 1838-ல் ஹார்வர்டில் அவர் பேசிய பேச்சு போதகர்களைக் கொதிக்கவைத்தது, அப்புறம் ஏறக்குறைய முப்பது வருடம் அந்தப் பக்கம் அவரைக் கூப்பிடவில்லை. ஆவி என்னிடம் நேரடியாகப் பேசுகிறது, நடுவில் யாரும் வேண்டாம் என்பதுதான் அவருடைய சாரம். இதையே ஆன் ஹட்சின்ஸன் சொன்னபோது நாடுகடத்தல். எமர்சன் சொன்னபோது அழைப்பு நின்றது, அவ்வளவுதான். காலம் மாறியிருந்தது, பேசியவர் ஹார்வர்டில் படித்த ஆணாகவும் இருந்தார்.

1837-ல், விசாரணை நடந்து இருநூறு வருடத்துக்கு மூன்று மாதம் குறைய, அதே கேம்பிரிட்ஜில் அவர் பேசிய பேச்சை அமெரிக்காவின் அறிவுலக சுதந்திரப் பிரகடனம் என்பார்கள். ஐரோப்பாவின் அரசவைக் கலைத்தெய்வங்களை நாம் கேட்டது போதும், நாம் நம் காலில் நடப்போம், நம் கையால் உழைப்போம், நம் மனதைப் பேசுவோம் என்று முடிகிற பேச்சு. நிறைய 'நாம்'. அதே எமர்சன் நாலு வருடம் கழித்து அந்தக் கட்டுப்படாமைக் கட்டுரையில், ஏழைகளுக்கு உதவச் சொல்லி என்னிடம் வராதே, அவர்கள் என் ஏழைகளா என்று கேட்கிறார். கல்லூரியில் இந்த வரியை யாரும் கரும்பலகையில் எழுதவில்லை. செரோக்கி மக்களைத் துரத்தக்கூடாது என்று 1838-ல் ஜனாதிபதிக்குக் கடுமையான கடிதம் எழுதியவர்தான் இவர், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்தக் கட்டுரையில் எனக்கு இன்று உறுத்துவது இதுதான்: 'நாங்கள்' என்ற கூட்டத்தை விட்டு வெளியே வா என்கிறார், வந்தவுடன் 'நான்' என்ற இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். வெளியே வந்தவர்கள் தங்களுக்குள் 'நாம்' சொல்ல வழி காட்டவில்லை.

விட்மன் காட்ட முயன்றார் என்று நினைக்கிறேன். 1855-ல் அட்டையில் பெயர்கூடப் போடாமல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு 'நான்' என்று ஆரம்பித்து முதல் வாக்கியத்திலேயே உன்னையும் இழுத்துக்கொள்கிறது. எதுகை மோனை தளை எதுவும் இல்லாமல் வசனம் போல எழுதிய இவரைப் பற்றி நம் பாரதி ஆசையாக எழுதியிருக்கிறார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

தோரோவை எடுத்துக்கொள்கிறேன். 1846 ஜூலையில், அடிமை முறையையும் மெக்சிகோ போரையும் நடத்துகிற அரசுக்குத் தலைவரி கட்டமாட்டேன் என்று காங்கார்ட் சிறையில் ஓர் இரவு இருந்தார். அவருக்குப் பிடிக்காமலேயே யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்து ஊர்க்காரர்களோடு காட்டுப்பழம் பறிக்கப் போனார். அந்த ஒரு இரவு கட்டுரையானது, காந்தி 1907-ல் தென்னாப்பிரிக்காவில் தன் பத்திரிகையில் அதிலிருந்து பகுதிகளை வெளியிட்டார். 1913 போராட்டத்தில் அந்த நாட்டுச் சிறைகளை நிரப்பியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், சிறையிலிருந்து நோயோடு வந்து 16 வயதில் செத்த தில்லையாடி வள்ளியம்மையும் அவர்களில் ஒருத்தி. ஓர் எழுத்து எங்கிருந்து எங்கே போகிறது பாருங்கள். தோரோவின் மேல் எனக்கு அன்பு குறையவில்லை.

ஆனால் அதற்குப் பதின்மூன்று வருடம் முன்னால், 1833-ல், அதே மாசசூசெட்ஸில் வில்லியம் ஏப்பஸ் என்ற பீக்வாட் பூர்வகுடிப் போதகர் 30 நாள் சிறையில் இருந்தார். கேப் காட் பக்கம் மாஷ்பீ என்ற ஊர். அந்த மக்களின் காட்டில் வெள்ளைக்காரர்கள் விறகு வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அரசு வைத்த மேற்பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏப்பஸும் அந்த மக்களும் ஒரு தீர்மானம் எழுதினார்கள். ஒரு குலமாக 'வீ' எங்களை நாங்களே ஆண்டுகொள்வோம், அதற்கு உரிமை உண்டு, எல்லா மனிதரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள் என்று நாட்டின் அரசியல் சாசனம் சொல்கிறது. ஜூலை 1-க்கு மேல் எந்த வெள்ளைக்காரரும் இங்கே விறகோ வைக்கோலோ எடுக்க விடமாட்டோம். சொன்னபடியே அன்று விறகு ஏற்றிய வண்டியை மறித்து இறக்கினார்கள். கலகம் என்று வழக்கு, சிறை, 100 டாலர் அபராதம்.

இங்கே வருவதும் 'நாங்கள்' தான். வின்த்ரப்பின் 'நாங்கள்' ஒரு பெண்ணை வெளியே தள்ளியது. மாஷ்பீயின் 'நாங்கள்' தன் வாசலில் வந்து நின்ற வண்டியை மறித்தது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியிருக்கிறேன், வேறு வழி இல்லை, படிக்கிறவர் இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

1836-ல் ஏப்பஸ் பாஸ்டனில் ஒரு மேடையில் பேசினார். 160 வருடம் முன்னால் குடியேறிகளோடு போரிட்டுச் செத்த மெட்டாகாமைப் பற்றி, ஆங்கிலேயர் அரசன் பிலிப் என்று அழைத்த தலைவனைப் பற்றி. அவன் தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் வருடக்கணக்காகச் செருகி வைத்திருந்தார்கள். அவன் வாஷிங்டனுக்குக் குறைந்தவன் இல்லை என்றார் ஏப்பஸ், தானே அவன் வழியில் வந்தவன் என்றும் சொல்லிக்கொண்டவர். குடியேறிகள் கரையிறங்கிய டிசம்பர் 22-ம் ஜூலை 4-ம் எங்களுக்குத் துக்க நாட்கள் என்றார். எமர்சனின் புகழ்பெற்ற பேச்சுக்கு ஒரு வருடம் முந்தி. தோரோவின் ஓர் இரவு உலகத்துக்கே தெரியும். ஏப்பஸின் முப்பது நாள்? அவர் 1839-ல் செத்தார், அவர் எழுதியதெல்லாம் ஒரே நூலாகச் சேர்ந்து வர 1992 ஆனது. எங்கள் பாடத்தில் அந்தப் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கட்டுப்படாதவர்களின் நாடு என்று பெருமை பேச ஒரு பட்டியல் போட்டுவிட்டு, அதில் இவரை மட்டும் விட்டுவிட்டால் அது என்ன பட்டியல்?

1852 ஜூலை 5, ராச்செஸ்டர் நகரம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் சுதந்திர தின உரை ஆற்றுகிறார். அந்த உரையில் 'வீ' வரவேண்டிய இடமெல்லாம் அவர் 'நீங்கள்' போடுகிறார். உங்கள் தேசம், உங்கள் முன்னோர், உங்கள் சுதந்திரம். இந்த நாள் உங்களுடையது, என்னுடையது இல்லை, நீங்கள் மகிழலாம், நான் துக்கம் காக்க வேண்டும். சேர்ந்து சந்தோஷப்படுவோம், சேர்ந்து துக்கப்படுவோம் என்று வின்த்ரப் எழுதியதை முதலில் சொன்னேனே, அது எனக்கு இங்கே வந்து இடித்தது. அந்தப் பிரசங்கம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து முதன்முதலில் அச்சானது 1838-ல். அதே வருடம்தான் டக்ளஸ் அடிமைத்தனத்திலிருந்து தப்பினார்.

நாவலாசிரியர் நதானியல் ஹாதார்னோடு முடிக்கிறேன். 1692-ல் சேலம் சூனியக்கார வழக்குகளில் அப்பாவிகளைக் குறுக்கு விசாரணை செய்த ஜான் ஹாதார்ன் இவருடைய எள்ளுத்தாத்தா. கணக்குப் பாருங்கள், துரத்தப்பட்டவளின் எள்ளுப்பேரன் கவர்னர் ஆனார், விசாரித்தவரின் எள்ளுப்பேரன் நாவலாசிரியர் ஆனார். முன்னோர் செய்ததற்கான அவமானத்தை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று தன் 'ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் முன்பகுதியில் எழுதினார். 1830-ல், இளம் வயதில், ஆன் ஹட்சின்ஸனைப் பற்றி அவர் எழுதிய சிறு சித்திரத்தில் பொதுவெளிக்கு வரும் பெண்கள் மேல் சிடுசிடுப்புதான் தெரிகிறது. இருபது வருடம் கழித்து, 1850-ல், அந்த நாவலின் முதல் அத்தியாயம்: பாஸ்டன் சிறையின் கனத்த மரக்கதவு, பக்கத்தில் ஒரு காட்டு ரோஜாச் செடி. அது சிறைக்குள் நுழைந்த புனிதவதி ஆன் ஹட்சின்ஸனின் காலடியில் முளைத்ததோ என்னவோ என்கிறார். அந்தச் சித்திரத்தை எழுதிய கை 'புனிதவதி' என்று எழுத இருபது வருடம் எடுத்திருக்கிறது.

அந்த நாவலை வெளியிட்ட பதிப்பகம் பாஸ்டனில் ஒரு தெருமுனைக் கட்டடத்தில் இருந்தது. 1718 வாக்கில் கட்டிய செங்கல் கட்டடம், இன்றும் நிற்கிறது. தோரோவின் 'வால்டன்' நூலும் 1854-ல் அங்கிருந்துதான் வந்தது. அது நிற்கிற மனை, ஆன் ஹட்சின்ஸன் வாரா வாரம் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசிய அதே வீட்டின் மனை.

1922-ல் அவருக்கு மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் முன்னால் சிலை வைத்தார்கள், மார்போடு அணைத்த பைபிள், பக்கத்தில் ஒரு பெண் குழந்தை. 1987-ல் கவர்னர் ஒருவர் அந்த நாடுகடத்தல் உத்தரவை ரத்து செய்தார்.

என் மேசையில் கடைசி இரண்டு வரிகள் மிச்சம். தீர்ப்பைக் கேட்டுவிட்டு அவர் சொல்கிறார்: "நான் எதற்காக நாடுகடத்தப்படுகிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்." வின்த்ரப் இந்த ஒரு இடத்தில் 'வீ' சொல்லவில்லை. "மேலே பேசவேண்டாம். எதற்காக என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும், அதற்குத் திருப்திதான்." நாமும் இல்லை, நாங்களும் இல்லை. இத்தனை வாரத்தில் தடங்கலே இல்லாமல் நான் மொழிபெயர்த்த வரி அது ஒன்றுதான்.